விண்வெளிக் குடியிருப்பில் வெயில்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மாதத்தில் ஒரு சனிக்கிழமை, அடையாற்றில் எங்கள் அடுக்ககத்தின் மொட்டைமாடியில் தொலைநோக்கியை வைத்துக்கொண்டு உட்காருவோம். அக்கம்பக்கத்துப் பிள்ளைகள், அவர்களைக் கூட்டிவரும் தாத்தாக்கள், இரவு உணவு முடித்துக் காற்று வாங்க வருகிறவர்கள் எல்லாரும் சேர்ந்துவிடுவார்கள். நிலா, சனிக்கோள் என்று தொடங்கும் பேச்சு எப்படியோ வானத்தில் வீடு கட்டிக் குடியேறுவதில் போய் நிற்கும். ஸ்ரீஹரிகோட்டா இங்கிருந்து நூறு கிலோமீட்டருக்குள்தான். வடக்கே ராக்கெட் ஏறுவதை இதே மாடியிலிருந்து பார்த்தவர்களுக்கு அது ஒன்றும் பெரிய கற்பனையாகத் தோன்றுவதில்லை.

போன கோடையில் பேச்சு முழுக்க வெயிலைப் பற்றியே ஓடியது. மேலே போனால் வெயில் எப்படி இருக்கும், அதிலிருந்து ஆளையும் செடியையும் எப்படிக் காப்பது என்று திரும்பத் திரும்பக் கேட்டார்கள். ஒவ்வொரு முறையும் முதலிலிருந்து சொல்ல எனக்கும் அலுப்பாக இருந்தது, எழுதி வைத்துவிட்டேன்.

விண்வெளியில் அடிக்கிற வெயில் கத்திரி வெயிலைவிடக் கடுமையானதா?

வெப்பத்தை மட்டும் பார்த்தால் நீங்கள் நினைக்கிற அளவுக்கு இல்லை. வளிமண்டலத்துக்கு வெளியே, சூரியனை நேராகப் பார்க்கும் ஒரு சதுர மீட்டர் பரப்பில் சுமார் 1361 வாட் விழுகிறது. மேகமில்லாத மே மாத உச்சிவேளையில் எங்கள் மாடியில் ஏறத்தாழ 1000 வாட். மூன்றில் ஒரு பங்கு கூடுதல், அவ்வளவுதான்.

ஆனால் வெயிலின் ரகம் வேறு. புற ஊதாக் கதிரை அலைநீளத்தை வைத்து மூன்றாகப் பிரிப்பார்கள். 315 முதல் 400 நானோமீட்டர் வரை யு.வி-ஏ. 280 முதல் 315 வரை யு.வி-பி. அதற்கும் கீழே 100 வரை யு.வி-சி. அலைநீளம் குறையக் குறைய வீரியம் கூடும். தோலைக் கறுக்க வைப்பதும் சுருங்க வைப்பதும் பெரும்பாலும் ஏ. சுட்டுச் சிவக்க வைப்பது பி. உயிரணுவை நேரடியாகக் கொல்வது சி.

சென்னை 13 பாகை அட்சரேகையில் இருக்கிறது. ஏப்ரல் நான்காம் வாரத்தில் ஒரு நாளும் ஆகஸ்ட் மூன்றாம் வாரத்தில் ஒரு நாளும் சூரியன் சரியாக உச்சந்தலைக்கு மேல் வரும். நட்டுவைத்த கம்புக்கு நிழலே விழாது. நிலநடுக்கோட்டுப் பக்கம் ஓசோனும் கொஞ்சம் மெலிவு. அதனால் கோடையில் நம் புற ஊதாக் குறியீடு 11ஐத் தாண்டி, ‘மிக ஆபத்து’ என்கிற கடைசிப் படிக்குப் போய்விடும். அப்படிப்பட்ட வெயிலிலும் ஒரு துளி யு.வி-சி கிடையாது. மொத்தத்தையும் மேலேயே ஆக்சிஜனும் ஓசோனும் குடித்துவிடுகின்றன. யு.வி-பி-யிலும் பெரும்பகுதி அங்கேயே நின்றுபோகிறது.

ஓசோன் அடர்ந்திருப்பது 15 முதல் 35 கிலோமீட்டர் உயரத்தில். பன்னாட்டு விண்வெளி நிலையம் சுற்றுவது சுமார் 400 கிலோமீட்டரில். அதாவது குடைக்கு மேலே.

அந்தக் குடை எவ்வளவு தடிமன்?

வானத்தில் பரந்து கிடக்கும் ஓசோனை எல்லாம் திரட்டித் தரைமட்ட அழுத்தத்துக்குக் கொண்டுவந்தால் சுமார் 3 மில்லிமீட்டர். இரண்டு ஒரு ரூபாய் நாணயத்தை ஒன்றன்மேல் ஒன்று வைத்தால் வருகிற உயரம். பூமியின் தரைவாழ் உயிர்கள் அத்தனையும் அந்த மூன்று மில்லிமீட்டருக்குக் கீழேதான் பிழைப்பு நடத்துகின்றன.

அப்படியென்றால் குடியிருப்பைச் சுற்றியும் 3 மில்லிமீட்டர் ஓசோன் நிரப்பிவிடலாமே?

எட்டாம் வகுப்புப் பையன் கேட்டது. கூட்டத்தில் சிலர் சிரித்தார்கள். சிரித்திருக்கக் கூடாது, கணக்கு சரிதான். இரண்டு கண்ணாடிக்கு நடுவே 3 மில்லிமீட்டர் ஓசோனை அடைத்தால் வானம் செய்கிற வேலையை அது செய்யும்.

சிக்கல் என்னவென்றால், ஓசோன் நிலையாக இருக்காது. தானாகவே உடைந்து ஆக்சிஜனாகிவிடும். வானத்தில் வெயிலே அதை ஓயாமல் புதிதாகச் செய்துகொண்டிருப்பதால்தான் தீராமல் இருக்கிறது. அடர்த்தியாக அடைத்தால் வெடிக்கவும் கூடும். கசிந்தால் நுரையீரலுக்கு நஞ்சு. ஜெராக்ஸ் கடையில் மெஷின் ஓடும்போது மூக்கில் ஏறுகிற அந்தக் காரமான வாசனை ஓசோனுடையது. அந்தச் சிறு அளவே நெடியடிக்கிறது. அதைத் தாங்கிப் பிடிக்கத்தான் ஏற்கெனவே இரண்டு கண்ணாடி வைத்திருக்கிறோம் அல்லவா? அந்தக் கண்ணாடியே சரியான ரகமாக இருந்தால் ஓசோனுக்கு வேலையே இல்லை.

யு.வி-சி உடம்பில் பட்டால் சரியாக என்ன நடக்கிறது?

இதைப் பார்க்க விண்வெளிக்குப் போக வேண்டாம், சமையலறைக்குப் போனால் போதும். சென்னையில் ஆர்.ஓ. என்கிற குடிநீர்ச் சுத்திகரிப்பான் இல்லாத வீடு குறைவு. பல மாடல்களில் கூடவே ஒரு யு.வி. விளக்கும் உண்டு. அந்த விளக்கு உமிழ்வது 254 நானோமீட்டர். டி.என்.ஏ. மிக ஆவலாக உறிஞ்சுவது 260ஐ ஒட்டிய கதிரை. உறிஞ்சியதும், அந்த மரபுக் குறிப்பில் பக்கத்துப் பக்கத்தில் இருக்கும் தைமின் என்கிற இரண்டு எழுத்துகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். புத்தகத்தில் இரண்டு பக்கம் பசையில் ஒட்டிக்கொண்ட மாதிரி. உயிரணு தன்னைப் படியெடுக்கும்போது அந்த இடத்தில் தடுக்கும். ஒன்றிரண்டு என்றால் பழுது பார்த்துக்கொள்ளும், கூட்டமாக ஒட்டினால் செத்துப்போகும். தண்ணீரில் இருக்கும் கிருமி சாவது இப்படித்தான்.

மனிதத் தோலில் மேலே ஒரு செத்த அடுக்கு இருப்பதால் யு.வி-சி ஆழமாக இறங்குவதில்லை. கண்ணுக்கு அந்தக் கவசம் கிடையாது. அம்பத்தூர்ப் பக்கம் பட்டறையில் முகமூடி போடாமல் வெல்டிங் வெளிச்சத்தைப் பார்த்தவர்களைக் கேளுங்கள். பார்க்கும்போது ஒன்றும் தெரியாது. சில மணி நேரம் கழித்து, பெரும்பாலும் நடுராத்திரியில், கண்ணில் மணலைக் கொட்டியதுபோல் உறுத்தித் தண்ணீராகக் கொட்டும். கருவிழியின் மேல்தோல் வெந்துபோவதுதான் அது. வடிகட்டாத விண்வெளி வெயிலில், ஒரு தொழிலாளிக்கு 8 மணி நேர வேலைநாளுக்கு அனுமதிக்கிற புற ஊதா அளவு சில விநாடிகளிலேயே தீர்ந்துவிடும்.

அப்படிப்பட்ட கதிரைத் தடுக்க ரொம்பச் செலவாகுமா?

ஆகாது. கேட்பவர்களுக்கு இந்தப் பதில் ஏமாற்றமாக இருக்கிறது, ஆனாலும் உண்மை அதுதான். சாதாரண ஜன்னல் கண்ணாடி யு.வி-சி முழுவதையும் யு.வி-பி-யில் ஏறக்குறைய முழுவதையும் நிறுத்திவிடும். மறுபடி ஆர்.ஓ.வையே பாருங்கள். உள்ளே விளக்கைச் சுற்றி ஒரு கண்ணாடிக் குழாய் இருக்கும். சர்வீஸ் செய்ய வருகிறவர் அதை ‘குவார்ட்ஸ்’ என்பார், உடைந்தால் தனியாகக் காசு கேட்பார். ஏன் குவார்ட்ஸ்? டம்ளர் செய்கிற சாதாரணக் கண்ணாடியைப் போட்டால் கதிர் தண்ணீருக்கே போய்ச் சேராது. அந்த அளவுக்கு இந்தக் கதிருக்கு வெளியே பயங்கரம் ஜாஸ்தி, ஊடுருவும் சக்தி கம்மி.

விண்வெளி நிலையத்தில் 2010 பிப்ரவரியில் கூப்போலா என்கிற ஏழு ஜன்னல் கூண்டைப் பொருத்தினார்கள். நடு ஜன்னல் 80 சென்டிமீட்டர் விட்டம். ஒவ்வொரு ஜன்னலும் பல அடுக்கு: உள்ளே கீறல் தாங்க ஒன்று, நடுவே அழுத்தம் தாங்க இரண்டு, வெளியே விண்தூசி அடிவாங்க ஒன்று. பார்க்காத நேரத்தில் மூட வெளிப்பக்கம் கதவும் உண்டு. இங்கேதான் ஒரு முரண். அழுத்தத்தையும் சூடு-குளிரையும் தாங்க உருகிய சிலிக்கா மாதிரியான உயர்ரகக் கண்ணாடி வேண்டும். அது கிட்டத்தட்ட அந்த ஆர்.ஓ. குவார்ட்ஸ்தான்! வலுவான கண்ணாடி புற ஊதாவைத் தாராளமாக உள்ளே விடும். ஆகவே மேற்பூச்சோ இன்னொரு அடுக்கோ வைத்து வடிகட்டியாக வேண்டும். நிலவில் நடந்தவர்களின் தலைக்கவசத்திலும் இதே ஏற்பாடுதான்: புற ஊதாவைத் தடுக்கும் பாலிகார்பனேட் மறைப்பு, அதன்மேல் கண்கூச்சத்துக்கும் வெப்பத்துக்கும் மெல்லிய தங்கப்பூச்சு போட்ட இன்னொரு மறைப்பு.

கறுப்புக் கண்ணாடி போட்டால் போதாதா?

கறுப்புக்கும் புற ஊதாவுக்கும் சம்பந்தம் இல்லை. நிறமே இல்லாத பாலிகார்பனேட் தகடு தடுக்கும். தெருவோரத்துக் கறுப்புக் கண்ணாடி தடுக்காமல் போகலாம். இருட்டுக்குக் கண்மணி விரிந்துகொடுக்க, வரவேண்டாதது கூடுதலாக உள்ளே போகும். காருக்குக் கறுப்பு ஃபிலிம் ஒட்ட 2012இல் உச்ச நீதிமன்றம் தடை போட்டபோது ‘இனி வெயில் சுடுமே’ என்று புலம்பினோம். அப்போதும் காரின் முன்கண்ணாடி, இரண்டு தகட்டுக்கு நடுவே இருக்கும் ஒட்டுப்படலத்தால், புற ஊதாவைக் கிட்டத்தட்ட முழுசாகத் தடுத்துக்கொண்டுதான் இருந்தது.

தண்ணீர்ச் சுவர் கட்டினால்? கதிர்வீச்சுக்குத் தண்ணீர் நல்ல தடுப்பு என்கிறார்களே.

வேறு கதிர்வீச்சுக்கு. சுத்தமான தண்ணீர் புற ஊதாவைப் பெரிதாகத் தடுக்காது, தடுத்தால் ஆர்.ஓ. விளக்கு எப்படி வேலை செய்யும்? கலங்கல் தண்ணீர் தடுக்கும். கூவம் தண்ணீர் பிரமாதமாகத் தடுக்கும்.

ஜன்னல் சரி. பெரிய பசுமைக்குடில் என்றால் பிளாஸ்டிக் கூடாரம்தானே லேசாக, மலிவாக இருக்கும்?

விஷயம் இங்கேதான் கனக்கிறது. கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

மாடியில் நான்கைந்து வருஷமாகச் செடி வைத்திருக்கிறேன். முதல் வருஷம் வாங்கிய மலிவு க்ரோ பேக் இரண்டாம் கோடையில் தூக்கினதும் கையோடு வந்துவிட்டது, மண் முழுக்கக் காலில். கொடிக்கயிறு நாரு நாராய்ப் பிரிந்து வேட்டியெல்லாம் பொடியாக ஒட்டும். பச்சை நிழல்வலை வெளுத்து, விரலால் அழுத்தினால் கிழியும். பக்கத்திலேயே கறுப்புத் தண்ணீர்த் தொட்டி பதினைந்து வருஷமாக அப்படியே நிற்கிறது. எல்லாமே பிளாஸ்டிக்தான். தொட்டியில் கரித்தூள் கலந்திருக்கிறார்கள். அது புற ஊதாவை வாங்கிச் சூடாக மாற்றி வெளியே விட்டுவிடுகிறது. மற்றவற்றில் கதிர் நேராகப் போய்ப் பிளாஸ்டிக்கின் நீளமான மூலக்கூறுச் சங்கிலிகளை அறுக்கிறது.

கூடாரத்துக்குக் கரித்தூள் கலக்க முடியாது, வெளிச்சம் வேண்டுமே. பசுமைக்குடில் போடும் விவசாயிகள் வாங்குகிற 200 மைக்ரான் படலத்தில் புற ஊதாவைத் தாங்கும் மருந்து கலந்திருக்கும். ஆனாலும் சில வருஷத்தில் மாற்றத்தான் வேண்டும். இன்னொரு ரகம் உண்டு, ஈ.டி.எஃப்.ஈ. என்கிற ஃபுளோரின் பிளாஸ்டிக். இங்கிலாந்தில் ஈடன் திட்டம் என்கிற தாவரத் தோட்டத்தின் பிரம்மாண்டக் குமிழ்க்கூரைகள் 2001இலிருந்து அதில்தான் நிற்கின்றன. எப்படி இவ்வளவு காலம்? புற ஊதாவை அது உறிஞ்சுவதே இல்லை, வந்த வழியே உள்ளே அனுப்பிவிடுகிறது. பூமியில் அது நல்ல குணம். மேலே, அதே குணம் செடியைக் கொன்றுவிடும்.

ஆக, தடுக்கிற பிளாஸ்டிக் அடிவாங்கிச் சாகிறது, அடிவாங்காத பிளாஸ்டிக் தடுப்பதில்லை. என் பார்வையில் இந்தத் துறையின் மையச் சிக்கலே இதுதான். ஒரு நாள் தடுக்க எதுவும் போதும். இருபது வருஷம் தடுத்துக்கொண்டே, தெளிவாகவும் இருக்க எது இருக்கிறது?

விண்வெளியில் வேறு அடிகளும் சேரும். தாழ்ந்த சுற்றுப்பாதையில் தனித்த ஆக்சிஜன் அணுக்கள் மோதி மேற்பரப்பை அரிக்கும். ஒவ்வொரு ஒன்றரை மணி நேரத்துக்கும் ஒரு பகல், ஒரு இரவு என்று சூடும் குளிரும் மாறி மாறி வரும். ஹபிள் தொலைநோக்கியைப் பழுதுபார்க்க 1997இல் போனவர்கள், அதன் வெப்பப் போர்வையின் வெளிப்படலம் விரிசல் விட்டிருப்பதைப் பார்த்தார்கள். ஏழே வருஷத்தில். நிலவில் நட்ட அமெரிக்க நைலான் கொடிகள் இந்நேரம் வெள்ளைத்துணியாகியிருக்கும் என்றே கருதுகிறார்கள்.

கண்ணாடி இதில் தப்பிக்கிறது, அறுபட நீளச் சங்கிலி அதில் இல்லை. அதிலும் ஒரு குறை: மின்னேற்றத் துகள்கள் பட்டுப்பட்டுச் சாதாரணக் கண்ணாடி பழுப்பேறும். செயற்கைக்கோளின் சூரியத் தகடுகள்மேல் ஒட்டும் மெல்லிய கண்ணாடியில் சீரியம் என்கிற தனிமத்தைக் கொஞ்சம் கலக்கிறார்கள். அது பழுப்பேறுவதைத் தடுக்கும், சுமார் 350 நானோமீட்டருக்குக் கீழுள்ள புற ஊதாவையும் வாங்கிக்கொள்ளும். ஒரே கல்லில் இரண்டு மாங்காய். நான் குடில் கட்டுவதாக இருந்தால் வெளியே சீரியம் கலந்த கண்ணாடி, உள்ளே, கதிர் வடிந்த இடத்தில், பிளாஸ்டிக் என்றுதான் கட்டுவேன். கனம் கூடும். கூடட்டும்.

ஜன்னலே இல்லாமல் எல்.இ.டி. விளக்கில் வளர்த்தால் என்ன?

இப்போது அப்படித்தான் வளர்க்கிறார்கள். விண்வெளி நிலையத்தில் 2015 ஆகஸ்டில் வீரர்கள் பறித்துத் தின்ற சிவப்பு லெட்யூஸ் கீரை, சிவப்பு, நீல, பச்சை எல்.இ.டி.யில் வளர்ந்தது. நம்மவர்கள் 2024 டிசம்பர் 30 அன்று பி.எஸ்.எல்.வி. சி-60இல் எட்டு காராமணி விதைகளை மூடிய பெட்டிக்குள் அனுப்பினார்கள். நான்காம் நாள் முளை விட்டது. அந்த ராக்கெட்டை எங்கள் மாடியில் இருந்தபடி பார்த்தோம், உள்ளே காராமணி போகிறது என்று அப்போது தெரியாது. 2025இல் சுபான்ஷு சுக்லா நிலையத்துக்குப் போனபோது பாசிப்பயறும் வெந்தயமும் முளைக்கவைத்தார்.

சின்ன அளவுக்கு விளக்கு போதும். ஒரு ஊருக்கே சோறு விளைவிக்க வேண்டும் என்றால் மின்சாரக் கணக்கு மலைப்பாக இருக்கும், வெளியே வெயில் சும்மா கொட்டுகிறது. நடுவழி ஒன்று: வெயிலை லென்சில் குவித்து ஒளியிழை வழியே உள்ளே கொண்டுவருவது. ஓட்டை சின்னது, வடிகட்டுவது சுலபம்.

புற ஊதாவே படாமல் வளர்ந்த செடி நன்றாக இருக்குமா?

உயிரோடு இருக்கும், ஆனால் கொஞ்சம் செல்லப்பிள்ளையாக. யு.வி-பி-யை உணர்வதற்கென்றே செடிகளிடம் யு.வி.ஆர்-8 என்று ஒரு புரதம் இருக்கிறது. அளவான யு.வி-பி பட்டால் இலை தன்னைக் காத்துக்கொள்ள நிறமிகளையும் ஃபிளவனாய்டுகளையும் செய்யும். நாம் ருசி, மணம், நிறம் என்று சொல்வதில் ஒரு பங்கு அந்தத் தற்காப்புதான். மாடியில் வெயில் தின்ற துளசியையும் பால்கனி நிழலில் வளர்ந்த துளசியையும் கிள்ளிப் பாருங்கள், காரம் தெரியும். எனவே முழுசாக அடைத்துவிட்டு, தினம் கொஞ்ச நேரம் தனி விளக்கில் அளந்து கொடுப்பதே சரி என்று எனக்குப் படுகிறது.

தேனீ, கோழி, ஆமை எல்லாம் கொண்டுபோனால்?

தேனீதான் பெரிய தலைவலி. அதற்குப் புற ஊதா, நீலம், பச்சை என மூன்று நிறம் தெரியும், நமக்குத் தெரியும் சிவப்பு தெரியாது. நமக்கு முழு மஞ்சளாகத் தெரியும் சூரியகாந்தி இதழ்களில், பூவின் நடுவைச் சுற்றி அதற்கு இருண்ட வட்டம் ஒன்று தெரியும். தேன் இங்கே என்கிற பலகை. யு.வி-ஏ-வையும் சேர்த்துத் தடுத்துவிட்டால் அந்தப் பலகை அணைந்துவிடும். வெள்ளை ஈ போன்ற பூச்சிகள் தடுமாறட்டும் என்றே பசுமைக்குடில்களில் புற ஊதா தடுக்கும் படலம் போடுவது உண்டு. அதே தடுமாற்றம் தேனீக்கும் வரும். ஆகவே தேனீ இருக்கும் இடத்தில் 300ஐ ஒட்டி வெட்டிவிட்டு, அதற்கு மேலே திறந்துவிட வேண்டும்.

ஊர்வனவற்றுக்கு பி வேண்டும். கிண்டி பாம்புப் பண்ணைக்குப் போன பிள்ளைகளுக்கு ஆமையும் ஓணானும் வெயில் காய்வது தெரியும். கூரைக்குள் வளர்க்கப்படும் பல்லி, ஆமைகளுக்கு யு.வி-பி விளக்கு போடாவிட்டால் வைட்டமின் டி உருவாகாமல் எலும்பு வளையும். கோழிக்குத் தீவனத்தில் வைட்டமின் டி-3 கலந்தால் சமாளிக்கலாம், பண்ணைக்காரர்கள் இங்கேயே அதைத்தான் செய்கிறார்கள்.

மனிதனுக்கு வைட்டமின் டி?

மாத்திரை. நிலையத்தில் ஆளுக்குத் தினம் 800 அலகு. கண்ணாடி வழியே காயும் வெயிலில் டி கிடைக்காது, அதைச் செய்ய வைக்கும் பி கண்ணாடியில் நின்றுவிடுகிறது. ஏ.சி. அறையில் ஜன்னலோரம் உட்கார்ந்து வேலை பார்க்கும் ஓ.எம்.ஆர். இளைஞர்களுக்கும் இது பொருந்தும்.

நீர்க்கரடி என்கிற, நுண்ணோக்கியில் பார்க்கவேண்டிய பொடி உயிர் எதையும் தாங்கும் என்கிறார்களே. அதைப் பார்த்து ஏதாவது கற்றுக்கொள்ளலாமா?

எதையும் அல்ல. 2007 செப்டம்பரில் ஃபோட்டான் எம்-3 விண்கலத்தில் நீர்க்கரடிகளைப் பத்து நாள் வெட்டவெளியில் வைத்தார்கள். வெற்றிடத்தை நன்றாகவே தாங்கின. முழு வெயிலும் சேர்ந்து பட்டபோது பிழைத்தவை விரல்விட்டு எண்ணக்கூடியவைதான். காற்றில்லாததைவிட வெயில் கொடிது!

பாக்டீரியாக்கள் சொல்லும் பாடம் இன்னும் சுவையானது. 1984இல் விட்டு 1990இல் மீட்ட ஒரு செயற்கைக்கோளில் ஏறக்குறைய ஆறு வருஷம் கிடந்த பாக்டீரியா வித்துகளில், வெயில் படாமல் மூடியிருந்தவற்றில் நல்ல பங்கு உயிரோடு திரும்பியது. அப்புறம் ஜப்பானியரின் தான்போப்போ சோதனை. டைனோகாக்கஸ் ரேடியோடியூரன்ஸ் என்கிற பாக்டீரியாவைக் காயவைத்து உருண்டையாக நிலையத்துக்கு வெளியே மூன்று வருஷம் வைத்தார்கள். அரை மில்லிமீட்டரும் அதற்கு மேலும் தடித்த உருண்டைகளில் மேலடுக்கு செத்து வெளுத்துப்போனது. அந்தப் பிணங்களின் நிழலில் உள்ளே இருந்தவை பிழைத்துக்கொண்டன. நம் தோலின் மேலடுக்கு செய்வதும் இதே வேலைதான். அரை மில்லிமீட்டர் என்பதைக் கவனியுங்கள், தபால் கார்டு இரண்டு மூன்றின் தடிமன்.

தலைகீழாகவும் யோசிக்க வேண்டும். வெயில் அறவே இல்லாத மூடிய இடத்தில் பூஞ்சைக்குக் கொண்டாட்டம். ரஷ்யர்களின் மீர் நிலையத்தில் அது பெரிய தொல்லையாகவே இருந்தது. போர்வையை மாடியில் உலர்த்தும் பாட்டிகளுக்கு இது புதிதல்ல.

விண்வெளியில் சுழலும் பெரிய நகரங்களின் படத்தில் கண்ணாடிகள் வழியே வெயிலைத் திருப்பிவிடுகிறார்களே, அது எதற்கு?

1974இல் அமெரிக்க இயற்பியலாளர் ஜெரார்டு ஓ'நீல் எழுதிய விண்நகரத் திட்டத்திலும், 1975இல் நாசாவின் ஏம்ஸ் மையத்தில் நடந்த கோடை ஆய்வில் பிறந்த, பத்தாயிரம் பேர் வாழும் ஸ்டான்ஃபோர்டு வளையம் என்கிற விண்நகரத் திட்டத்திலும் வெயில் நேராக உள்ளே வராது, முகம்பார்க்கும் கண்ணாடியில் பட்டுத் திரும்பித்தான் வரும். வளையத்தில் கண்ணாடிகளை ஜன்னல் சட்டம்போல் மடக்கி மடக்கி வைத்தார்கள். ஒளி வளைந்து வரும், விண்வெளியிலிருந்து பாயும் துகள்களான அண்டக் கதிர் வளையாது, சுவரில் முட்டி நிற்கும்.

எனக்குப் பிடித்த நுணுக்கம் முகம்பார்க்கும் கண்ணாடிக்குப் பூசும் உலோகத்தில் இருக்கிறது. அலுமினியம் புற ஊதாவையும் கிட்டத்தட்ட 90 சதவீதம் திருப்பி அனுப்பும். வெள்ளி, கண்ணுக்குத் தெரியும் ஒளியை அதைவிட நன்றாகத் திருப்பும், ஆனால் 320 நானோமீட்டர் அருகே சட்டென்று கைவிட்டுவிடும். வெள்ளி பூசினாலே பாதி வடிகட்டல் அங்கேயே முடிந்தது. ஆனால் வீட்டு வெள்ளிக் குத்துவிளக்கு கறுப்பதுபோல ஆக்சிஜன் அணுக்கள் பட்டு இதுவும் கெடும், மேலே ஒரு காப்புப் பூச்சு வேண்டும்.

நிலவிலும் செவ்வாயிலும்?

நிலவில் காற்றே இல்லை, வெட்டவெளிதான். செவ்வாயில் வெயில் நம்முடையதில் பாதிக்கும் குறைவு. அங்குள்ள கரியமிலக் காற்று சுமார் 200 நானோமீட்டருக்குக் கீழுள்ளதை மட்டும் நிறுத்தும். கிருமி கொல்லும் 254 தாராளமாகத் தரைக்கு வரும். மண்ணால் மூடினால் சில மில்லிமீட்டர் போதும். வெளிச்சமும் வேண்டும் என்பவர்களுக்கு 2019இல் ஒரு யோசனை வெளியானது: இரண்டு மூன்று சென்டிமீட்டர் சிலிக்கா ஏரோஜெல் விரித்தால் புற ஊதா நின்றுவிடும், வெளிச்சம் புகும், கீழே தண்ணீர் உறையாத அளவுக்குச் சூடும் தேங்கும். உறைபனி நுரைபோல் இருக்கும் இந்தப் பொருளின் பெரும்பகுதி வெறும் காற்று.

கடைசியில் புற ஊதாதான் பெரிய ஆபத்தா?

இல்லை. அண்டக் கதிர்களும் சூரியப் புயலின் துகள்களும்தான். பூமியில் இயற்கையாக ஆண்டுக்கு உலக சராசரி 2.4 மில்லிசீவர்ட் கதிர்வீச்சு வாங்குகிறோம். நிலையத்தில் ஒரு வாரத்திலேயே அதைத் தாண்டிவிடும். அதைக் கண்ணாடி தடுக்காது, கனமான மண்ணோ தண்ணீரோ வேண்டும். அது தனிக் கதை.

அங்கே வடாம் காயுமா?

மூன்றாம் மாடி மாமி விளையாட்டாகத்தான் கேட்டார். நன்றாகக் காயும். வடாம் காய்வது சூட்டாலும் வறண்ட காற்றாலும். வடிகட்டிய கண்ணாடிக்குப் பின்னாலும் சூடு இருக்கும். வடிகட்டாத வெயிலில் வைத்தால் வற்றல் மிளகாயின் சிவப்பு வெளுத்துவிடும், எண்ணெய் உள்ள பண்டம் காறிப்போகும். காக்கா விரட்ட ஆள் போடவும் வேண்டாம்.

இதையெல்லாம் வீட்டிலேயே சோதித்துப் பார்க்க முடியுமா?

முடியும். கள்ள நோட்டு பார்க்கும் யு.வி. டார்ச் ஒன்று வாங்குங்கள், 365 நானோமீட்டர் என்று போட்டிருப்பது நல்லது. இருட்டறையில் ரூபாய் நோட்டின்மேல் அடித்தால் எண்கள் ஒளிரும். இப்போது டார்ச்சுக்கும் நோட்டுக்கும் நடுவே ஒவ்வொன்றாக வையுங்கள். நாங்கள் செய்தபோது ஜன்னல் கண்ணாடித் துண்டு வழியே எண்கள் அப்படியே ஒளிர்ந்தன; கண்ணாடி ஏ-வை விட்டுவிடும் என்பது அப்போதுதான் பலருக்கு உறைத்தது. ஒரு தாத்தாவின் பவர் கண்ணாடியை வைத்ததும் எண்கள் அணைந்தன. பேரன் போட்டிருந்த கன்னங்கரிய கூலிங் கிளாஸ் வழியே, மங்கலாக என்றாலும், தெரிந்தன. பையன் முகம் சுண்டிப்போனது, தாத்தாவுக்கு ஒரே சிரிப்பு.

டார்ச்சை யார் கண்ணுக்கும் நேரே அடிக்க வேண்டாம். ஆர்.ஓ. மூடியைத் திறந்து எரியும் விளக்கைப் பார்க்கவே வேண்டாம். அதைச் சுற்றி இருப்பது குவார்ட்ஸ்.